எதிர் ஆட்டக்காரர் இந்த இடத்தில் அழுதார்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் மூளையைக் கசக்கிப் பிடிக்கவில்லை. மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு போனதால் கிடைத்தது.

பற்கள் போன விதம் கதைக்கு வேண்டாதது. (குளியலறை. சோப்பு. அவ்வளவுதான்.) பல் டாக்டர் அளவெடுத்துவிட்டு, "நிறத்தை மட்டும் நேர்ல போய்க் காட்டிடுங்க. அவர் கண்ணால பார்த்தாதான் சரியா வரும்" என்று ஒரு முகவரியைக் கொடுத்தார். ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. பல் செட் செய்கிற பட்டறை. நீளமான ஒரே அறை, நீளமான ஒரே மேசை, எதைத் தொட்டாலும் விரலில் ஒட்டும் வெள்ளைத் தூசி. அங்கே ஒரே ஒருவர். வயது ஐம்பத்தொன்று. என் முகத்தைப் பார்க்காமல் பற்களை மட்டும் பார்த்து வணக்கம் சொன்னார்.

அவர் கை கழுவப் போன நேரத்தில் மேசைமேல் கிடந்த ஒரு செய்திமடலை எடுத்துப் புரட்டினேன். மேசை விளையாட்டு ஆடுகிறவர்கள் தங்களுக்குள் நகலெடுத்து விநியோகித்துக்கொள்வது. அதில் ஒரு கட்டுரை: 'தொலைவான்: இரண்டாம் பதிப்பும் ஐந்தாம் பதிப்பும், ஓர் ஒப்பீடு'. தொலைவான் என்பது விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும் விளையாட்டு. கட்டுரை, துணி துவைக்கும் இயந்திரத்துக்கு வரும் கையேட்டைப் போல் இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில், புதிய பதிப்பை ஆட ஆகும் நேரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்த இடத்தில், இப்படி இரண்டு வாக்கியம்:

"எதிர் ஆட்டக்காரர் இந்த இடத்தில் அழுதார். இது விதிகளின் குறையல்ல."

அடுத்த வாக்கியம் எழுத்துகளின் அளவைப் பற்றியது.

அவர் திரும்பி வந்தார். எழுதியவர் அவர்தான்.

"யாருங்க அழுதது?" என்று கேட்டேன்.

"வாயைத் திறங்க," என்றார்.

இரண்டு பற்களுக்காக நான் நான்கு முறை அங்கே போனேன். பற்களுக்கு இரண்டு முறையே போதும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: எல்லையற்ற கருமையில் இரண்டு போர்க்கலங்கள் மெல்ல ஒன்றையொன்று நெருங்க—

[வேண்டாம். அவை அட்டையில் வெட்டிய முக்கோணங்கள். கட்டைவிரல் அகலம். நெருங்கியதும் சாப்பாட்டு மேசைமேல்.]

இரண்டாம் முயற்சி: உறவு என்பது ஒரு—

['என்பது ஒரு' என்று தொடங்கிய எந்த வாக்கியத்தையும் நான் இதுவரை உருப்படியாக முடித்ததில்லை.]

மூன்றாம் முயற்சி: அவருக்கு ஒரு தங்கை. தங்கைக்கு ஒரு கணவர் இருந்தார்.

இது நிற்கும். 'இருந்தார்' என்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி லிஃப்ட் அவர் கை பட்டுத்தான் ஏறி இறங்குகிறது. கணவராகத்தான் இல்லை.

3

லிஃப்ட் மெக்கானிக்கை அந்த வீட்டுக்கு முதலில் கூட்டிவந்தவர் பல் செட் செய்பவர். விளையாடுவதற்கு. இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்னால் பழைய புத்தகக் கடையொன்றில் தொலைவானின் இரண்டாம் பதிப்புப் பெட்டியை இருவரும் ஒரே சமயத்தில் கையில் எடுத்தார்கள். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினார்கள். சனிக்கிழமைதோறும் ஆடினார்கள். நான்காவது மாதத்தில், மருந்துக்கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த தங்கை சனிக்கிழமைகளில் காரணமில்லாமல் வீட்டிலேயே இருந்தாள். பன்னிரண்டாவது மாதத்தில் கல்யாணம். அன்றிலிருந்து ஒருவர் 'மாப்பிள்ளை', மற்றவர் 'மச்சான்'. சனிக்கிழமை மட்டும் மாறவில்லை.

இரண்டாம் பதிப்பைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் தெரிந்தாக வேண்டும். (வேண்டாம் என்பவர்கள் நான்காம் பகுதிக்குப் போகலாம். அங்கே ஒரு தொலைபேசி அழைப்பு இருக்கிறது.) விதிப்புத்தகம் தொண்ணூற்றாறு பக்கம், பிழைதிருத்தம் தனியாகப் பதினான்கு. ஒரு ஆட்டம் முடிய நாலரை மணி நேரம். ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு தாள். தாள் முழுக்கக் கட்டங்கள். அடிபட்டால் பென்சிலால் ஒரு கட்டத்தை அடிக்க வேண்டும். எந்தக் கட்டம் என்பதைப் பகடை சொல்லும். எந்திரம் போனால் வேகம் போகும், பீரங்கி போனால் சுட முடியாது. சமையலறைக்கும் ஒரு கட்டம் உண்டு. அது அடிபட்டால் ஒன்றும் ஆகாது. பல் செட் செய்பவர் கட்டுரையில் எழுதுகிறார்: "எங்கள் ஆட்டங்களில் சமையலறை பதினொரு முறை அடிபட்டிருக்கிறது. பயன் எதுவும் இல்லையென்றாலும் ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருந்தது. ஐந்தாம் பதிப்பில் சமையலறை இல்லை."

முக்கியமானது விதி ஆறு, உட்பிரிவு இரண்டு. உங்கள் கலம் அடுத்த மூன்று சுற்றுகளுக்கு எங்கே போகப்போகிறது என்பதை இப்போதே ஒரு சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். எதிராளியும் அப்படியே. எழுதியதை மாற்றக் கூடாது. கேட்டாலும் சொல்லக் கூடாது. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சீட்டைத் திருப்புவார்கள். இரண்டு கலமும் நேருக்கு நேர் மோதப்போகிறது என்று தெரிந்தாலும் நகர்த்தித்தான் ஆக வேண்டும்.

லிஃப்ட் மெக்கானிக் இதில் புலி.

திருமண வாழ்க்கையின் பதினெட்டு வருடத்தில் அவர் மூன்று முறை வெளியூர் வேலைக்கு ஒப்புக்கொண்டார். மூன்று முறையும் மனைவிக்குத் தெரிந்தது, பயணப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிய அன்றைக்கு. மூன்றாம் முறை அது இரண்டு வருட வேலை. "போயிட்டு வாங்க," என்றாள் அவள். அவர் போனார். வந்தபோது வீட்டில் அவளுடைய துணிமணி இல்லை. அண்ணன் வீட்டில் இருந்தது. சத்தம் எதுவும் இல்லாமல் கையெழுத்துகள் போடப்பட்டன.

(விமர்சகர்களுக்கு: விதி ஆறு இரண்டும் இந்த மனிதரும் இப்படிப் பொருந்திப்போவதை நான் ஏற்பாடு செய்யவில்லை. நானாக எழுதியிருந்தால் இவ்வளவு பச்சையாக வைத்திருக்க மாட்டேன். பல் செட் செய்பவரிடம் சொன்னேன். "விதியை அச்சடிச்சது அவர் கல்யாணத்துக்கு ஒன்பது வருஷம் முன்னாடி," என்றார்.)

பிரிவினையில் விளையாட்டை யாரும் நினைக்கவில்லை. பெட்டி லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் தங்கிவிட்டது. விதிப்புத்தகம், ஒரு சந்தேகம் பார்ப்பதற்காக எடுத்துவந்தது, பல் செட் செய்பவரிடம் இருந்தது. நான்கு வருடம், ஒருவரிடம் விதியில்லாத கலங்கள், இன்னொருவரிடம் கலமில்லாத விதிகள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை எதுவும் இல்லை. தங்கை வீட்டில் இருக்கிறாள், அதனால்.

4

செய்திமடலை நடத்துகிறவர் நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஐந்தாம் பதிப்பு வந்ததும் ஒப்பீடு எழுதச் சொல்லிப் பல் செட் செய்பவரைக் கேட்டார். கூடவே ஒரு நிபந்தனை.

"ரெண்டையும் ஒரே ஆளோட ஆடிட்டு எழுதுங்க. ஆள் மாறிட்டா அது ஒப்பீடு இல்ல, வம்பு."

இரண்டாம் பதிப்பு ஆடத் தெரிந்த ஆள் ஒருவர்தான் இருந்தார்.

பல் செட் செய்பவர் மூன்று நாள் தள்ளிப்போட்டார். நான்காம் நாள், பல் அச்சுக்கான மெழுகு உருகிக்கொண்டிருக்கும்போது, எண்ணை அழுத்தினார். அழுத்திய பிறகுதான் ஒரு சிக்கல் புரிந்தது. 'மாப்பிள்ளை' என்று கூப்பிட முடியாது. இப்போது மாப்பிள்ளை இல்லை. பேரைச் சொல்லியும் கூப்பிட முடியாது. இருபத்திரண்டு வருடமாகச் சொன்னதில்லை. அந்தப் பக்கம் எடுத்தாகிவிட்டது.

"ஹலோ... நான்தான்."

"தெரியுது." அந்தப் பக்கமும் ஏதோ ஒரு சொல்லைத் தேடிக் கைவிட்டது. "சொல்லுங்க."

"பெட்டி இருக்கா?"

"இருக்கு."

"எல்லாம் முழுசா இருக்கா?"

"ஒரு கலத்துல மூக்கு மடங்கியிருக்கு. மத்ததெல்லாம் இருக்கு."

"ஞாயித்துக்கிழமை பட்டறைக்குக் கொண்டுவர முடியுமா? காலைல பத்து மணிக்கு. கட்டுரைக்காக."

"கட்டுரைக்காகவா?"

"ஆமா. கட்டுரைக்காகத்தான்."

"சரி," என்றார் லிஃப்ட் மெக்கானிக். பிறகு, "அவளுக்குத் தெரியுமா?"

மெழுகு கொதித்துவிட்டது. அதைக் காரணமாக வைத்துப் பல் செட் செய்பவர் அழைப்பை முடித்தார்.

5

இந்த இடத்தில் எனக்குத் தங்கைமேல் சந்தேகம் வந்தது. அவளைப் பற்றி எனக்குக் கிடைத்திருந்தது மூன்றே தகவல்: நாற்பத்தைந்து வயது, மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருடம், டாக்டர்களின் கையெழுத்தை ஊரிலேயே நன்றாகப் படிப்பவள். இதை வைத்து ஆளை நிறுத்த முடியாது. ஆகவே நானே ஒரு தங்கையைச் செய்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெறித்துப் பார்க்கிற தங்கை. "என் வாழ்க்கையே ஒரு சதுரங்கமாகிவிட்டதே அண்ணா" என்றுகூடப் பேசவைத்தேன்.

மூன்றாம் முறை போனபோது அந்தப் பக்கங்களைக் கொடுத்தேன். அவர் பூதக்கண்ணாடி விளக்கின் அடியில் வைத்து, ஒரு கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இது யாரு?"

"உங்க தங்கச்சி."

"எங்க ஜன்னல்ல கம்பி கிடையாது," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அவ இப்படியெல்லாம் பேச மாட்டா. அவ கேள்விதான் கேப்பா."

அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன். இனி வரும் தங்கை அவர் சொன்னபடி.

சனிக்கிழமை மத்தியானம் அவர் தங்கையிடம், "நாளைக்குப் பட்டறைக்குப் போகணும். அவசர வேலை ஒண்ணு," என்றார்.

"ஞாயித்துக்கிழமை யாருக்குப் பல்லு அவசரம்?"

"ஒரு மாப்பிள்ளைக்கு."

"பாவம்," என்றாள் தங்கை. "கல்யாணத்துக்கு முன்னாடியே பல்லு போயிடுச்சா?"

(இதைச் சொல்லிவிட்டு அவர் என்னிடம் விளக்கினார்: "நான் பொய் சொல்லல. மாப்பிள்ளைக்குன்னுதானே சொன்னேன்.")

6

ஞாயிறு. பட்டறை. மேசையின் ஒரு கோடியில் யாருடையதோ மேல்தாடைகள் ஆறு வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. மறுகோடியைத் துடைத்து அறுகோணக் கட்டம் போட்ட விரிப்பை விரித்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் பெட்டியைத் திறந்தார். கலங்கள் நிறவாரியாகப் பிரித்து ரப்பர் வளையம் போடப்பட்டிருந்தன. நான்கு வருடத்தில் வளையங்கள் இற்றுப்போய் அறுந்து விழ வேண்டும். விழவில்லை. புதிதாக மாற்றியிருக்கிறார்.

முதல் இரண்டு மணி நேரம் பேச்சு முழுவதும் இப்படித்தான்:

"வேகம் ஆறு."

"திருப்பறேன்."

"எந்திரம் ஒண்ணு அடிங்க."

"அடிச்சாச்சு."

"சமையலறை."

"அடடா."

பல் செட் செய்பவருக்குத் தான் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறோம் என்று பயமாக இருந்தது. இதற்காக வெட்கமும்— [இந்த வாக்கியத்தை அவர் தன் கையால் அடித்தார். "சந்தோஷம் வரைக்கும் போதும்."]

பன்னிரண்டரை மணிக்குக் கதவு திறந்தது. தங்கை. அண்ணன் மறந்துவிட்டு வந்த படிக்கிற கண்ணாடி அவள் கையில் இருந்தது. விரிப்பைப் பார்த்தாள். கலங்களைப் பார்த்தாள். நான்கு வருடம் பார்க்காத ஆளைப் பார்த்தாள்.

"இவர்தான் அந்த மாப்பிள்ளையா?" என்றாள்.

லிஃப்ட் மெக்கானிக் எழுந்து நின்றார்.

"உக்காருங்க. பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு போல."

அவள் முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சத்தம் போட்டிருந்தால் அண்ணன் தாங்கியிருப்பார். அவள் கவிழ்ந்து கிடந்த சீட்டைக் காட்டிக் கேட்டாள்.

"இது என்ன?"

கேள்வி கேட்டால் சரியாகப் பதில் சொல்வது அவர் சுபாவம். சொன்னார். "அடுத்த மூணு சுத்துக்கு எங்க போறோம்னு முன்னாடியே எழுதி வெச்சிடணும்."

"எதிர்ல இருக்கறவங்க கேட்டா?"

"சொல்லக் கூடாது. விதி ஆறு, ரெண்டு."

"எழுதினவங்களே மனசு மாறினா?"

"மாத்த முடியாது."

"எத்தனை வருஷமா இதை ஆடறீங்க?"

"இருபத்து மூணு வருஷம். நடுவுல கொஞ்சம் விட்டுப்போச்சு."

தங்கை தலையாட்டினாள். கிறுக்கலான மருந்துச்சீட்டில் ஒரு மருந்தின் பெயர் கடைசியில் பிடிபட்டதுபோல் ஆட்டினாள் என்கிறார் அவர். லிஃப்ட் மெக்கானிக் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதுசு ஒண்ணு வந்திருக்குன்னியே, அதுல எப்படி?"

"அதுல முதல்ல வாய்விட்டுச் சொல்லணும். இந்தப் பக்கம் போகப் போறேன்னு. எதிராளி அதுக்கு ஒரு பதில் சொல்லலாம். அப்புறம்தான் கலத்தைத் தொடணும்."

"அதை ஆடுங்க," என்றாள். "பாக்கறேன்."

7

ஐந்தாம் பதிப்பு: இருபத்து நான்கு பக்கம், பளபளப்பான தாள், பிளாஸ்டிக் கலங்கள். பெட்டியின்மேல் 'ஐம்பது நிமிடம்' என்று போட்டிருக்கிறது.

பல் செட் செய்பவர் முதல் சுற்றை ஆடினார். "மூணு கட்டம் நேரா போறேன்." எதிராளி பதில் வேண்டாமென்று கைகாட்ட, இவர் நகர்த்தினார்.

அடுத்து லிஃப்ட் மெக்கானிக். அவர் கை நேராகக் கலத்துக்குப் போனது.

"சொல்லிட்டுத்தான் தொடணும்," என்றார் பல் செட் செய்பவர்.

கை திரும்பிவந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போனது.

"சொல்லிட்டு."

லிஃப்ட் மெக்கானிக் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பூட்டிய லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து மணிக்கணக்காகப் பேசி ஆறுதல் சொல்லத் தெரிந்த மனிதர். அவர் இப்போது ஒரே ஒரு வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நான் இடது பக்கம் திரும்பப் போறேன்," என்றார். "ரெண்டு கட்டம்." கண்கள் விரிப்பைவிட்டு நகரவில்லை. "உனக்கு ஏதாவது சொல்லணும்னா இப்ப சொல்லு."

அவர் மச்சானை ஒருநாளும் 'நீ' என்று சொன்னதில்லை. எப்போதும் 'நீங்க'தான்.

பல் செட் செய்பவர் கையில், பதில் சொல்லும்போது காட்ட வேண்டிய அட்டை இருந்தது. பதில் தன்னுடையது அல்ல என்று புரிந்து அதைக் கீழே வைத்தார். அப்போது லிஃப்ட் மெக்கானிக் அழுதார். அழுகையை அவர் நன்றாகச் செய்யவில்லை, தும்மலைப்போல் வந்தது.

தங்கை எழுந்தாள். அலமாரியிலிருந்து பஞ்சுச் சுருள் பாக்கெட்டை எடுத்தாள்.

"அது வாய்க்குள்ள வைக்கறது," என்றார் அண்ணன்.

"தெரியும்," என்றாள். பாக்கெட்டைக் கணவராக இருந்தவர் பக்கத்தில் வைத்தாள். படிக்கிற கண்ணாடியை அண்ணன் பக்கத்தில் வைத்தாள். "ரெண்டு கட்டம்னு சொன்னீங்க. திருப்புங்க," என்றுவிட்டுப் போய்விட்டாள்.

அவர்கள் ஆட்டத்தை முடித்தார்கள். இரண்டு மணி பத்து நிமிடம். ஐம்பது நிமிட ஆட்டம் ஏன் அவ்வளவு நேரம் இழுத்தது என்பதற்குக் கட்டுரையில் காரணம் சொல்லாவிட்டால் பதிப்பாளருக்குச் செய்யும் அநியாயம் என்று பல் செட் செய்பவர் கருதினார். அதனால்தான் அந்த இரண்டு வாக்கியம்.

அன்று சாயங்காலம் வீட்டில் தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் போய் எதிரில் உட்கார்ந்தார்.

"அவரை இந்த வீட்டுக்கு முதல்ல கூட்டிட்டு வந்தது நான்தான்," என்றார். இருபத்து மூன்று வருடத்தில் முதல்முறையாக.

"நீ வெளையாடறதுக்குக் கூட்டிட்டு வந்தே. கல்யாணம் பண்ணிக்கிட்டது நானு. அதுல உனக்குப் பங்கு கெடையாது." ஒரு சட்டையை மடித்தாள். "பட்டறையில ஆடிக்கோ. இங்க வேண்டாம். எங்கிட்ட பொய் மட்டும் சொல்லாதே."

"நான் பொய் சொல்லல. மாப்பிள்ளைக்குன்னு—"

"அண்ணா."

"சரி."

8

இங்கேயே முடித்திருக்கலாம். நான் மேலும் மூன்று முடிவு எழுதினேன். வழக்கம்.

அ) தங்கை ஒரு சனிக்கிழமை பட்டறைக்கு வருகிறாள். லிஃப்ட் மெக்கானிக்கின் எதிரில் உட்கார்ந்து ஒரு கலத்தை எடுக்கிறாள். ஜன்னல் வழியே வெயில். [அவர்: "அவளுக்கு இந்த விளையாட்டே பிடிக்காது."]

ஆ) தங்கை வேறு வீடு பார்த்துப் போய்விடுகிறாள். அண்ணன் காலியான துணிக்கொடியைப் பார்த்தபடி— [அவர்: "ஏன்? அதான் ஆடிக்கோன்னு சொல்லிட்டாளே."]

இ) லிஃப்ட் மெக்கானிக் ஒரு லிஃப்டில்— [இதை அவர் முழுதாகப் படிக்கவே இல்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நியாயம்தான். ஒரு மனிதரை எனக்கு வசதி என்பதற்காக இருபதாவது மாடியிலிருந்து தள்ளப் பார்த்தேன்.]

நடந்தது வேறு.

போன மாதம் ஒரு நாள் காலையில், அண்ணனும் தங்கையும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது தங்கையின் போன் அடித்தது. அவள் எடுத்தாள். லிஃப்ட் மெக்கானிக். நான்கு வருடத்தில் முதல் அழைப்பு. போன் ஒலிபெருக்கியில் இருந்தது, அவள் தலைவாரிக்கொண்டிருந்ததால்.

"அடுத்த மாசம் பத்தாம் தேதி நான் ஊர் மாறிப் போறேன்," என்றார். "ஒன்றரை வருஷ வேலை."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

"இன்னும் இருபத்தாறு நாள் இருக்கு. முன்னாடியே சொல்லணும்னு."

"இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாது. தெரியும்."

தங்கை சீப்பைக் கீழே வைத்தாள். போனைக் கையில் எடுத்து ஒலிபெருக்கியை அணைத்தாள். காதில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவள் குரல் ஒரே ஒரு முறை கேட்டது.

"வண்டி எத்தனை மணிக்கு?"

9

காலை ஏழு ஐம்பதுக்கு. அதை நானே கால அட்டவணையில் பார்த்துக்கொண்டேன்.

இன்று தேதி எட்டு. நேற்று நான்காம் முறையாகப் போய்ப் பற்களை மாட்டிக்கொண்டு வந்தேன். நன்றாகப் பொருந்தியிருக்கின்றன, சிரித்தால் யாருக்கும் தெரியாது. அவரிடம் கேட்டேன், ஸ்டேஷனுக்குப் போவாளா என்று. தனக்குத் தெரியாது என்றார். கேட்கவில்லையா என்றேன். இல்லை என்றார். இரண்டு நாள் முன்னால் மருந்துக்கடை முதலாளியிடம் அவள் போனில் பேசியதைக் கேட்டிருக்கிறார். பத்தாம் தேதி கொஞ்சம் தாமதமாக வரலாமா என்று கேட்டாளாம். முதலாளி என்ன சொன்னார் என்பது தெரியவில்லை. அன்று அவளுக்குப் பல் டாக்டரிடம் போகிற வேலைகூட இருக்கலாம் என்றார், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

பத்தாம் தேதிக்காகக் காத்திருந்து எழுதலாம். அப்போது இது அவர்கள் கதையாக இருக்காது. நான் ஒளிந்திருந்து பார்த்ததாக இருக்கும். அதோடு, இந்தப் பக்கங்கள் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் அந்த வண்டி எப்போதோ போயிருக்கும். நீங்கள் இருப்பது பத்தாம் தேதிக்கு அந்தப் பக்கம். பிளாட்பாரத்தில் அவள் நின்றாளா, நின்றால் என்ன சொன்னாள், சொன்னதற்கு அவர் இறங்கினாரா ஏறினாரா, எல்லாம் உங்கள் பக்கத்தில் முடிந்த விஷயம். பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஜன்னல் கம்பியை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

இந்தப் பக்கத்தில் இன்னும் எட்டாம் தேதிதான். மணி ஒன்பதே கால். தங்கை மருந்துக்கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருக்கிறாள். யாரோ ஒருவர் அதற்குள்ளாகவே குனிந்து, காய்ச்சலுக்கு மாத்திரை கேட்கிறார். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று அவள் கேட்கிறாள்.